விடைமொழியும் வினாமொழியும்: ஆட்சிப்பணிப் போட்டித் தேர்வுகளில் தமிழ்
(வேலந்தாவளம் எல்லைப்பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு)

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் வேலந்தாவளம். சித்தூர் வட்டத்து வடகரப்பதி ஊராட்சியில் உள்ள இவ்வூர், சோதனைச்சாவடியாலும் காய்கறிச் சந்தையாலும் வெளியூரார்க்கு அறிமுகமானது. இங்கும் எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை முதலிய அண்டை ஊராட்சிகளிலும் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் மிகுதி. இப்பகுதி மாணவர் தமிழ்வழியில் பள்ளிக் கல்வி பெறலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழிலக்கியத்தைப் பட்டப்படிப்பாகவே பயிலலாம். ஆனால் வருவாய் அலுவலகத்தில் அவர் எதிர்கொள்வது மலையாளம். எல்லைச்சாவடியைக் கடந்தால் தமிழ்நாட்டின் ஆட்சித்தமிழ். தில்லிக்கு விண்ணப்பித்தால் ஆங்கிலமும் இந்தியும்.

அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகும் இத்தகைய ஒருவரின் நிலையிலிருந்து நோக்கும்போது, மொழியுரிமை பற்றிய விவாதங்களில் பெரிதும் பிரித்துப் பார்க்கப்படாத ஒரு வேறுபாடு புலனாகிறது. தேர்வர் எம்மொழியில் விடை எழுதலாம் என்பது ஒன்று. அவரிடம் எம்மொழியில் வினா கேட்கப்படுகிறது என்பது மற்றொன்று. முன்னதை விடைமொழி என்றும் பின்னதை வினாமொழி என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. இந்திய ஒன்றியத்தின் உயர்பணித் தேர்வில் தமிழ் விடைமொழியாக ஏற்கப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வினாமொழியாகவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மொழிபெயர்ப்புச் சுமையைத் தேர்வரே தேர்வுக்கூடத்தில் சுமக்கிறார்.

தமிழில் தேர்வெழுதிய வெள்ளையர்

ஆட்சிப் பணிக்கும் தமிழ்த் தேர்வுக்கும் உள்ள தொடர்பு விடுதலைக்குப் பின் தோன்றியதன்று. 1812இல் எல்லிஸ் முதலியோரின் முயற்சியால் சென்னையில் நிறுவப்பெற்ற புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில், கும்பினியின் இளநிலை அலுவலர் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் பயின்று தேர்வெழுதினர். தேர்ச்சி பெற்றோர்க்குப் பணப்பரிசும் உண்டு. ஆளவந்தவர் ஆளப்படுவோரின் மொழியில் தேர்வு எழுத வேண்டியிருந்தது என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம்.

1854இல் மெக்காலே குழு அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1855இல் இலண்டனில் திறந்தநிலைப் போட்டித் தேர்வு தொடங்கியபோது இந்த உறவு மாறியது. அக்குழுவின் திட்டத்தில் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் தலைக்கு 750 மதிப்பெண்; வடமொழிக்கும் அரபிக்கும் தலைக்கு 375. தமிழ் அப்பட்டியலில் இல்லை. மாகாண மொழியைத் தேர்வான பிறகு கற்றுக்கொண்டால் போதும் என்பது கொள்கை. பணிக்குள் நுழையும் வாயில் ஒரு மொழியிலும், நுழைந்தபின் புழங்குவது வேறொரு மொழியிலுமாக அமைந்த முறை அங்கிருந்து தொடங்குகிறது எனலாம். 1922இல் இந்திய மண்ணிலேயே தேர்வு நடத்தப்பட்டபோதும், 1926இல் ஒன்றியத் தேர்வாணையத்தின் முன்னோடியான அமைப்பு தோன்றியபோதும் இதில் மாற்றம் நேரவில்லை.

மூன்று ஆட்சிகள், ஓர் எல்லை

இன்றைய கேரளத் தமிழ்ப் பகுதிகள் 1949 வரை மூவேறு ஆட்சிகளின்கீழ் இருந்தன. சித்தூர் கொச்சி அரசுக்கு உரியது. அடுத்திருந்த பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பகுதி. அங்கு அரசுப் பணிக்குத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு 1929இல் நிறுவப்பட்ட சென்னைப் பணித் தேர்வாணையத்துக்குச் சென்றது. மாகாண அளவில் இந்தியாவில் தோன்றிய முதல் ஆணையம் அதுவே. இன்று இடுக்கி மாவட்டத்தில் அடங்கும் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று இவை யாவும் புதிய கேரள மாநிலத்தின்கீழ் வந்தன. தமிழர் அங்கு மொழிச்சிறுபான்மையினர் ஆயினர்.

மாநிலச் சீரமைப்போடு நாடாளுமன்றத்தின்முன் வைக்கப்பட்ட 1956ஆம் ஆண்டு உள்துறைக் குறிப்பாணை, மொழிச்சிறுபான்மையினர்க்கான காப்புகளுள் பணித்தேர்வு மொழியையும் சேர்த்துப் பேசியது. மாநில ஆட்சிமொழி அறிவைப் பணியில் சேர்வதற்கான முன்நிபந்தனையாக்க வேண்டியதில்லை. சேர்ந்தபின் அதில் தேர்ச்சியைச் சோதிக்கலாம் என்பது அதன் சாரம். இலண்டன் முறையின் நிழல் இதில் விழுந்திருப்பதை நோக்கலாம்: ஆட்சிக்குரிய மொழியைப் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம் என்ற அதே ஏற்பாடு இங்கு ஆதிக்கத்தின் சலுகையாக இல்லாமல் சிறுபான்மையினரின் காப்பாக வருகிறது.

1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர்க்குத் தனிவகை செய்தது. அவர்கள் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைமைகளோடும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அலுவலகங்களோடும் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம். மறுமொழியும் அம்மொழியிலேயே வரவேண்டும். இதனை நிறைவேற்றத் தமிழறிந்த அலுவலர் தேவை. கேரளத் தேர்வாணையம் தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் என்னும் பணியிடத்தைத் தனியே அறிவித்து வருவதன் பின்புலம் இதுவே. எல்லைப்பகுதித் தேர்வர்க்கு இருமொழியறிவு தகுதியாகவே கணக்கிடப்படும் அரிய இடம் இது.

1968 முதல் 1979 வரை

ஒன்றிய அளவில் திருப்பம் தந்தது 1965ஆம் ஆண்டு மொழிப்போராட்டம். இந்தி தனி ஆட்சிமொழியானால் நடுவண் அரசுப் பணிகளில் தமிழர் வாய்ப்பிழப்பர் என்ற அச்சம் மாணவர் கிளர்ச்சிக்கு வலுவூட்டிய காரணங்களுள் ஒன்று. நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் ஏற்று, 1968 சனவரியில் வெளியிடப்பட்ட ஆட்சிமொழித் தீர்மானம், எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்தையும் உயர்பணித் தேர்வுகளில் மாற்றுமொழிகளாக அனுமதிக்கும் கொள்கையை அறிவித்தது. கோத்தாரி குழு 1976இல் அறிக்கை அளித்தது. 1979இல் முதனிலை, முதன்மை, நேர்முகம் என்னும் மூன்றடுக்குத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு முதல் முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத வழி பிறந்தது.

அதற்குள் தமிழ் ஓரளவு ஆயத்தமாகியிருந்தது. தமிழ்நாட்டில் 1956இன் ஆட்சிமொழிச் சட்டத்தைத் தொடர்ந்து ஆட்சிச் சொல்லகராதி வெளிவந்தது. வேலந்தாவளத்தார் பேருந்தில் சென்று படிக்கும் தொலைவிலுள்ள கோவை அரசு கலைக்கல்லூரியில் 1960இல் கலைப்பாடங்கள் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. அவற்றுக்கான பாடநூல்களைத் தமிழ் வெளியீட்டுக் கழகமும் பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் வெளியிட்டன. அரசியலும் வரலாறும் பொருளியலும் தமிழில் எழுதுவதற்கான நடை இந்நூல்களில் உருப்பெற்றது. பழைய பதிப்புகளைத் தேடிப் பிடித்துப் படிக்கும் தேர்வர் இன்றும் உளர்.

ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அச்சாயிற்று, இன்றும் அவ்வாறே. இதனால் விளைவது ஒரு சமனின்மை. இந்தியில் எழுதுபவர் வினாவையும் விடையையும் ஒரே மொழியில் காண்கிறார். தமிழில் எழுதுபவர் ஆங்கில வினாவைப் படித்து, அதன் கலைச்சொற்களுக்கு நிகரனை நினைவிலிருந்து எடுத்து, பின்னரே விடையைத் தொடங்க வேண்டும்.

தேர்வுக்கூட மொழிபெயர்ப்பாளர்

இச்சுமையின் தன்மையைச் சற்று விரிவாக நோக்குவது தகும். பொது அறிவுத் தாள் ஒன்றில் மூன்று மணி நேரத்தில் 20 வினாக்கள். வினாவுக்குச் சராசரி 9 நிமிடம். வினாவின் ஏவல்வினையே முதல் இடர்ப்பாடு. 'டிஸ்கஸ்', 'எலூசிடேட்', 'எவாலுவேட்', 'கிரிட்டிகலி எக்சாமின்' ஆகியவை வெவ்வேறு வகை விடைகளைக் கோருவன. விவாதிக்க, தெளிவுறுத்துக, மதிப்பிடுக, திறனாய்க எனத் தமிழில் இவற்றைப் பிரிக்கலாம். எனினும் தமிழ்வழிப் பள்ளி, கல்லூரித் தேர்வுகளில் 'விளக்குக', 'கட்டுரை வரைக' என்னும் இரண்டே பெருவழக்கு. நுண்வேறுபாட்டைத் தமிழில் வினவப்பெற்ற பழக்கம் தேர்வர்க்கு இல்லை.

அடுத்தது கலைச்சொல். ஒரே கருத்துக்கு இறைமை, இறையாண்மை எனவும், மதச்சார்பின்மை, சமயச்சார்பின்மை எனவும் இணைவழக்குகள் உள்ளன. வினாத்தாள் தமிழிலும் இருந்திருப்பின் அது ஒரு சொல்லை நிலைப்படுத்தியிருக்கும். தேர்வரும் மதிப்பிடுபவரும் ஒரே சொல்லில் சந்தித்திருப்பர். பள்ளிப் பாடநூல்கள் சொற்களைத் தரப்படுத்துவது போலவே தேர்வுத்தாளும் தரப்படுத்தும் என்பது கலைச்சொல் வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி.

மூன்றாவது சொல்வரையறை. விடைகள் 150 அல்லது 250 சொற்களில் அமையவேண்டும் என்ற விதி ஆங்கிலச் சொல்லை அளவையாகக் கொண்டது. தமிழ் ஒட்டுநிலை மொழி. 'இன் தி கான்ஸ்டிட்யூஷன்' என்னும் மூன்று சொற்கள் 'அரசமைப்பில்' என ஒன்றாகின்றன. எனவே 150 தமிழ்ச் சொற்களில் மிகுதியான பொருளை அடக்கலாம். ஆயின் அச்சொற்கள் நீளமானவை; அச்சிட்ட விடையேட்டில் விடப்படும் இடமோ எல்லா மொழியினர்க்கும் ஒன்றே. விதி தரும் ஆதாயத்தைத் தாளின் பரப்பும் கையின் வேகமும் பறித்துக்கொள்கின்றன.

மொழிபெயர்ப்புத் திறனை இத்தேர்வு அறியாததன்று. தகுதிக்குரிய தமிழ்த் தாளின் 300 மதிப்பெண்ணில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு 20, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு 20 என 40 மதிப்பெண் மொழிபெயர்ப்புக்கு உண்டு. அம்மதிப்பெண் தரவரிசையில் சேராது. தரவரிசையை முடிவு செய்யும் ஏனைய தாள்களில் தேர்வர் செய்யும் மொழிபெயர்ப்புக்கோ மதிப்பெண்ணே இல்லை. நேர்முகத்தில் தமிழில் விடையிறுப்பவர்க்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்த்தப்படுகிறார் என்பதையும் இங்கு ஒப்புநோக்கலாம். பேச்சுக்கு வழங்கப்படும் துணை எழுத்துக்கு இல்லை.

இந்தச் சிறு உரிமையும் ஒருமுறை ஆட்டம் கண்டது. 2013 மார்ச்சு மாத அறிவிக்கை, வட்டார மொழியில் எழுத வேண்டுமாயின் பட்டப்படிப்பை அம்மொழி வழியில் பயின்றிருக்க வேண்டும் என்றும், குறைந்தது 25 பேர் அம்மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் எதிர்ப்பால் அம்மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு எழுந்த போராட்டம் இந்தி வினாமொழியின் தரம் பற்றியது. ஆங்கிலத்தில் எஃகு ஆலையைக் குறித்த சொல் இந்தியில் எஃகுச் செடியாக முளைத்தது என்பது அப்போது பரவலாக எடுத்துக்காட்டப்பட்டது. வினாமொழி கிடைத்துவிட்டால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது என்பதற்குத் தமிழிலும் சான்று உண்டு. 2018ஆம் ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் சுட்டப்பட்டன. 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பிழையின் இழப்பு மாணவரிடமே நின்றது.

இலங்கையில் நிலை வேறு. 1963இல் உருவான நிருவாக சேவைக்கான போட்டிப் பரீட்சை சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் நடைபெறுகிறது. அங்கு அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டு வந்தமை இதற்குத் துணைநின்றது. அவ்வினாத்தாள்கள் மொழிபெயர்ப்பு நோக்கில் தனியே ஆராயத்தக்கவை.

கேரளத்தில் 2019க்குப் பின்

கேரளத் தேர்வாணையம் பட்டத் தகுதிப் பணிகளுக்கான தேர்வுகளில் மலையாளத்திலும் வினா அமைக்க வேண்டும் எனக் கோரி 2019 ஆகஸ்டு இறுதியில் திருவனந்தபுரத்தில் உண்ணாநோன்புப் போராட்டம் தொடங்கியது. செப்டம்பரில் கோரிக்கை கொள்கையளவில் ஏற்கப்பட்டது. பெரும்பான்மை மொழியே தன் மாநிலத்தில் வினாமொழியாகப் போராட வேண்டியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அப்போராட்டத்தின் பயன் சிறுபான்மையினர்க்கும் உரியது. பத்தாம் வகுப்புத் தகுதித் தேர்வுகளில் மலையாளத்தோடு தமிழ், கன்னட வினாத்தாள்களும் உள்ளன. 2020 பிப்ரவரி 22 அன்று நடந்த கேரள ஆட்சிப்பணி முதனிலைத் தேர்வில் மொழித்திறனுக்குரிய 30 மதிப்பெண் பகுதியை மலையாளத்துக்கு மாற்றாகத் தமிழிலோ கன்னடத்திலோ எழுத இடமிருந்தது.

இங்கு மொழிபெயர்ப்பாளர்க்கு எழும் இடர் ஆங்கிலத்தால் வருவதன்று. இனமொழியின் நெருக்கத்தால் வருவது. மலையாளத்தில் 'அவகாசம்' என ஒலிப்பது உரிமை. தமிழில் அது கால இடைவெளி. மலையாள 'வகுப்பு' அரசுத் துறையையும் சட்டப்பிரிவையும் குறிக்கும். தமிழில் பள்ளி வகுப்பு. சட்டம் அங்கு 'நியமம்', சட்டமன்றம் 'நியமசபை'. நிலவரி அங்கு 'கரம்'. 'வரி' என்றால் எழுத்தின் வரி அல்லது சந்தா. இடுக்கியின் நிலவுரிமை ஆவணம் 'பட்டயம்', தமிழ்நாட்டில் 'பட்டா'. வேலந்தாவளத்துத் தமிழர் இவ்விருவகைச் சொற்களையும் அன்றாடம் இயல்பாகக் கையாள்கின்றனர். அவர்கள் பேச்சில் பொருள்மயக்கம் நேர்வதில்லை, சூழல் தெளிவாக்கிவிடுகிறது. தேர்வு வினாவில் அச்சூழல் இல்லை. திருவனந்தபுரத்தில் ஆக்கப்படும் தமிழ் வினாத்தாள் தமிழ்நாட்டு ஆட்சித்தமிழைப் பின்பற்றினால் எல்லைத் தேர்வர்க்கு அலுவலகச் சொல் அயன்மையாகும். உள்ளூர் வழக்கைப் பின்பற்றினால் அவர் படித்த கோவைப் பதிப்பு வழிகாட்டி நூல்கள் பயன்படா. தமிழ்நாட்டுத் தேர்வை எழுதுபவர்க்கோ 2021 டிசம்பர் ஆணைப்படி தமிழ்த் தாளில் 40 விழுக்காடு பெறுவது கட்டாயம். அங்குச் செல்லுபடியாவது தமிழ்நாட்டு வழக்கு மட்டுமே.

ஒன்றிய அரசின் கீழ்நிலைப் பணிகளில் வினாமொழி அண்மையில் விரிந்துள்ளது. நடுவண் ஆயுதக் காவற்படைக் காவலர் தேர்வு 2024 முதல் ஆங்கிலம், இந்தி தவிரத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடத்தப்படுகிறது. காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும் வேலந்தாவளத்து இளைஞர் தமிழில் வினாவைப் படிக்கிறார். அதே வீட்டில் ஆட்சிப்பணிக்கு ஆயத்தமாகும் மற்றொருவர் ஆங்கில வினாவைப் பக்கத்தில் வைத்துத் தமிழ் விடைக்குச் சொல் தேடுகிறார்.