நெஞ்சைத் திறவாது இருதயத்தை அடைந்த வரலாறு

இருதயத்திலிருந்து இரத்தம் பெருநாடிக்குள் புகும் வாயிலிலே மூன்று இதழ்களையுடைய வால்வு ஒன்று உண்டு. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை அது திறந்து மூடுகின்றது. முதுமையில் அவ்விதழ்களிற் சுண்ணம் படிந்து இறுகுமாயின் வாயில் ஒடுங்கும், மூச்சு முட்டும், மயக்கம் வரும், ஈற்றில் உயிருக்கே இடர் நேரும். 1960ஆம் ஆண்டு முதல், நெஞ்சைத் திறந்து, இருதயத்தின் துடிப்பை நிறுத்தி, செயற்கை வால்வு பொருத்தும் சத்திரசிகிச்சை பலரைக் காத்தது. ஆயினும், அதனைத் தாங்கும் வலுவற்ற முதியோருக்கு வைத்தியர்கள் கைவிரிக்கவே நேர்ந்தது. அவர்களுக்கும் ஒரு வழி பிறந்த வரலாறே இது.

அவ்வழியின் முதலடியை 1929இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வேர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் வைத்தியர் எடுத்துவைத்தார். மேலோர் தடுத்தும் கேளாது, தம் கை நாளத்தினூடே மெல்லிய குழாயொன்றை இருதயம் வரை செலுத்தி, எக்ஸ்கதிர்ப் படமும் எடுத்தார். அன்று அவருக்குக் கிடைத்தது கண்டனம். 1956இல் கிடைத்தது நொபெல் பரிசு.

பிரான்சின் ரூவான் நகர வைத்தியர் அலன் கிரிபியே, 1985இல் அத்தகைய குழாயின் நுனியில் பலூனை வைத்து ஒடுங்கிய வால்வை விரித்தார். ஆனால், சில மாதங்களில் அது மீண்டும் ஒடுங்கிற்று. விரித்த இடத்தில் புதிய வால்வையே நிறுத்தினால் என்ன என்ற எண்ணம் அவருள் எழுந்தது. 1989இல் டென்மார்க்கின் ஹென்னிங் அண்டர்சன், கம்பிக் கூட்டினுள் தைத்த வால்வைப் பன்றியொன்றின் உடலிற் பொருத்திக் காட்டியிருந்தார். எனினும், இஃது மனிதருக்கு ஆகாதென்றே வல்லுநர் பலர் கருதினர்.

2002 ஏப்ரில் 16ஆந் திகதி, சத்திரசிகிச்சைக்கு ஏற்றவரல்லர் எனக் கைவிடப்பட்டு, மரணத் தறுவாயிலிருந்த 57 வயது நோயாளி ஒருவருக்குக் கிரிபியே இதனைச் செய்தார். மாட்டின் இருதய உறையாலான இதழ்கள் உருக்குக் கூட்டிலே சுருங்கியவாறு தொடை நாளத்தின் வழியே சென்றன, பலூன் விரிந்தது, வால்வு இயங்கிற்று. அந்நோயாளி வேறு நோய்களால் நான்கு மாதங்களில் இறந்தார். ஆனால், பொருத்திய வால்வு பழுதுபடவில்லை.

2010இல் வெளிவந்த ஆய்வொன்று ஐயம் தீர்த்தது. சத்திரசிகிச்சைக்கு உதவாதவர்களுள், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 51 பேர் ஓராண்டினுள் இறந்தனர். புதிய வால்வு பெற்றோரில் 31 பேரே இறந்தனர். பக்கவாதம் நேரும் ஆபத்து கூடுதலாயிருந்ததையும் அதே ஆய்வு மறைக்கவில்லை. 2019இல் வந்த ஆய்வுகளின்பின், உடல்வலுவுடைய முதியோருக்கும் இம்முறை ஏற்றதாயிற்று. எனினும், நெடுங்காலம் வாழவேண்டிய இளையோருக்குப் பழைய முறையே பெரும்பாலும் விதிக்கப்படுகின்றது.

நான்கு மாதங்களே நீண்ட அந்த ஓருயிர், பின்னர் பல இலட்சம் உயிர்கள் நீள வழிகோலிற்று.