ஹங்கேரியன் முறை

செயல்முறைகள் ஆராய்ச்சியில் ஒதுக்கீட்டுக் கணக்கைத் தீர்க்கும் வழிமுறை. எத்தனை ஆட்களோ அத்தனை வேலைகள். ஆளுக்கு ஒன்றாக, மொத்தச் செலவு மிகக் குறையும்படி பிரித்துத் தர வேண்டும். 10 பேருக்கு 10 வேலை என்றாலே 36,28,800 விதமாகப் பிரிக்கலாம் என்பதால் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது ஆகாத காரியம். இம்முறையை அமெரிக்கக் கணிதவியலாளர் ஹரால்ட் கூன் (1925–2014) 1955இல் வெளியிட்டார்.

முதல் ஆளுக்கு இரு வேலைகளின் செலவு 1, 2 ரூபாய். இரண்டாம் ஆளுக்கு 2, 10 ரூபாய் என்று கொள்வோம். மலிவானதை முதலில் எடுத்தால் 1 + 10, ஆக 11 ரூபாய். ஹங்கேரியன் முறையில் செலவுகளை ஆளுக்கு ஒரு நிரையாக அட்டவணையிட்டு, ஒவ்வொரு நிரையிலும் உள்ள சிறிய எண்ணை அந்த நிரையிலிருந்து கழிக்கிறோம் (1, 2). பின் நிரல்களிலும் அப்படியே (0, 1). முதல் ஆளின் இரண்டாம் வேலையிலும், இரண்டாம் ஆளின் முதல் வேலையிலும் பூச்சியம் விழுகிறது. செலவு 2 + 2, அதாவது 4 ரூபாய். கழித்த எண்களின் கூட்டுத்தொகையும் அதே 4. அதற்குக் கீழே செலவு இறங்காது என்பதற்கு இதுவே சான்று.

பெரிய அட்டவணையில் பூச்சியங்களை மறைக்க மிகக் குறைந்த கோடுகள் வரைந்து, அவை நிரைகளின் எண்ணிக்கையைவிடக் குறையும்போது மறையாத எண்களில் சிறியதை எடுத்துத் திருத்திக்கொண்டே போக வேண்டும். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்திலேயே இது வருகிறது. கோடு ஏன் வரைகிறோம் என்று சொல்லாமல் விட்டால் கணக்கு வெறும் சடங்காகிவிடுகிறது. நிரைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று எனத் தேர்ந்தெடுக்கக்கூடிய பூச்சியங்களின் மிகுந்த எண்ணிக்கையும், எல்லாப் பூச்சியங்களையும் மறைக்கத் தேவையான கோடுகளின் குறைந்த எண்ணிக்கையும் சமம் என்ற தேற்றமே இங்குள்ள அடித்தளம். அதை நிறுவியவர் புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆசிரியர் டேனெஷ் கோனிக். கோட்டுரு இயலின் முதல் பாடநூலை 1936இல் எழுதியவரும் இவரே. யூத வம்சாவளியினரான கோனிக், 1944 அக்டோபரில் நாஜி ஆதரவுக் கட்சி ஹங்கேரியின் ஆட்சியைப் பிடித்த சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1953இல் பென்சில்வேனியாவின் பிரின் மார் கல்லூரியில் ஆசிரியராக இருந்த கூன், கோனிக்கின் நூலைப் படிக்கையில் ஓர் அடிக்குறிப்பைக் கண்டார். அது கணிதவியலாளர் யேனோ எகெர்வாரி 1931இல் ஹங்கேரிய மொழியில் எழுதிய கட்டுரையைச் சுட்டியது. அகராதியும் இலக்கண நூலும் இரவல் வாங்கி அதைத் தானே மொழிபெயர்த்தார். கோனிக்கின் தேற்றத்தை எடைகள் கொண்ட அட்டவணைகளுக்கு விரிக்கும் கட்டுரை அது. இருவரின் கருத்துகளையும் கணிப்புமுறையாக்கிய கூன், பெயரை அவர்கள் நாட்டுக்கே கொடுத்தார்.

ஜெர்மானியக் கணிதவியலாளர் யாக்கோபி இதற்கு நிகரான வழிமுறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். அவர் மறைவுக்குப் பின் 1890இல் லத்தீனில் அச்சான அக்கட்டுரைக்கும் ஒதுக்கீட்டுக் கணக்குக்கும் உள்ள உறவு 2006இல்தான் வெளிப்பட்டது.

1957இல் கணிதவியலாளர் ஜேம்ஸ் மன்கிரஸ் கூனின் முறையைச் சீராக்கி, உழைப்பு அட்டவணை அளவின் நான்காம் அடுக்குக்குள் அடங்கும் என்று காட்டினார். பின்வந்தவர்கள் அதை மூன்றாம் அடுக்குக்குக் குறைத்தனர். காணொளியில் ஒரு சட்டகத்தில் தெரிந்த வாகனம் அடுத்த சட்டகத்தில் எது என்று பொருத்தும் மென்பொருள்களில் இன்று இம்முறை பயன்படுகிறது.