அலை வந்த திசையைச் சொன்ன மலைச்சரிவு

வெளிச்சம் வரும் திசையைக் கண் சொல்லிவிடும். ரேடியோ அலை எங்கிருந்து வருகிறது என்பதை ஒற்றைச் சிறு ஆண்டெனாவால் துல்லியமாகச் சொல்ல முடியாது. பல ஆண்டெனாக்களை வரிசையாக நிறுத்தினால் வழி பிறக்கும். சாய்வாக வரும் அலை ஒன்றை முதலிலும் அடுத்ததைச் சற்றுத் தாமதமாகவும் தொடும். அந்தத் தாமதமே திசையைக் காட்டிக்கொடுக்கும். வரிசை நீள நீளத் துல்லியமும் கூடும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு மாபெரும் சான்று இருக்கிறது. அதுதான் ஊட்டி அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி.

1960களில் வானியலில் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருப்பதா, அல்லது பெருவெடிப்பில் பிறந்து மாறி வருவதா? தீர்ப்புச் சொல்ல, தொலைதூர ரேடியோ மூலங்களின் இடமும் அளவும் தேவைப்பட்டன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1963-ல் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் இதற்குச் சந்திரனைத் துணைக்கு அழைத்தார். சந்திரன் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியும். எனவே அது ஒரு மூலத்தை மறைக்கும் நொடியையும் விடுவிக்கும் நொடியையும் குறித்துக்கொண்டால் மூலத்தின் இடம் தெரிந்துவிடும்.

ஆனால் சந்திரனை மணிக்கணக்கில் பின்தொடர வேண்டுமே! தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால் ஒரே திசையில் சுழற்றினால் போதும். அதற்கு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமான சரிவு வேண்டும். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. முத்தோரை மலையின் சரிவும் அதே 11 டிகிரி! சாயர்புரத்தின் அட்சரேகை சுமார் 8.7 டிகிரி. நம் சமவெளியில் இதைக் கட்டியிருந்தால் வடக்கு முனையைச் சுமார் 80 மீட்டர் உயர்த்த வேண்டியிருக்கும்.

1970-ல் கட்டி முடிக்கப்பட்ட இது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் 1056 டைபோல் ஆண்டெனாக்களின் அலைக்கட்டத்தை மாற்றினால், இரும்புச் சட்டம் அசையாமலேயே பார்வை வடக்கு தெற்காக நகரும்.

1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவுகளில், மங்கலான மூலங்கள் சிறியனவாகத் தெரிந்தன. இது மாறாப் பிரபஞ்சக் கொள்கைக்கு ஒத்துவரவில்லை; பெருவெடிப்புக் கொள்கைக்கு வலுச் சேர்த்தது. பிரபஞ்சத்தின் வழக்கில் நீலகிரியின் ஒரு மலைச்சரிவும் சாட்சி சொல்லியிருக்கிறது!