மிருதங்கத்திலிருந்து லேசர் வரை

ஆஸ்டின் டவுனில் வியாபாரம் பார்க்கிற எனக்கு விஞ்ஞானப் பட்டம் எதுவும் கிடையாது. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மிருதங்கத்தின் வலந்தலையைத் தட்டினால் சுருதியோடு சேருகிறது. வெறும் தோல்மேளம் சேருவதில்லை. ஏன்? இதற்கு விஞ்ஞான விடை தேடியவர் 1888ல் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன். கல்கத்தாவில் இருந்தபோதே, 1920ல், இதைப் பற்றி எழுதினார். விரிவான கட்டுரை வந்தது நம்ம பெங்களூரில், 1934ல். அதற்கு முந்தின வருஷம்தான் டாட்டா இன்ஸ்டிடியூட்டுக்கு முதல் இந்திய இயக்குநராக வந்திருந்தார்.

வெறும் தோலில் எழும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்காக இருப்பதில்லை. நடுவில் பூசிய கரணையின் கனம் அவற்றை 2, 3, 4, 5 என்று ஒழுங்கான மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது என்று ராமன் காட்டினார்.

ஒளிக்கும் இப்படி மடங்கு உண்டா? உண்டு. ஆனால் 1928ல் கண்ட ராமன் விளைவு அது அல்ல. அங்கே மூலக்கூறு தன் அதிர்வுக்குத் தக்கபடி ஒளியின் நிறத்தைச் சற்றே மாற்றுகிறது. மடங்கு கிடைக்க ரொம்பக் கடுமையான ஒளி வேண்டும். லேசர் பிறந்தது 1960ல். மறுவருஷமே அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபிராங்கனும் கூட்டாளிகளும் சிவப்பு லேசரைப் படிகத்தில் செலுத்தி, இரண்டு மடங்கு அதிர்வெண் கொண்ட புற ஊதா ஒளியைக் கண்டார்கள். படத்தில் அதைக் காட்டிய சின்னப் புள்ளியைத் தூசு என்று நினைத்து அச்சில் அழித்துவிட்டார்களாம்!

1987ல் பிரான்சில் ஆன் லூலியே குழுவினர் ஆர்கான் வாயுவில் அகச்சிவப்பு லேசரைச் செலுத்தினார்கள். 33ஆம் மடங்கு வரை வந்தது. மடங்கு ஏற ஏற ஒளி மங்கிக்கொண்டே போகவில்லை. முதலில் குறைந்தாலும் பிறகு சமமாகவே நின்றது.

காரணத்தை 1993ல் கனடாவின் பால் கார்க்கம் விளக்கினார். லேசரின் விசை எலக்ட்ரானை வெளியே பிடுங்குகிறது. விசை திசை மாறியதும் அதே எலக்ட்ரான் திரும்பி ஓடிவருகிறது. வெளியூர் போய்ச் சம்பாதித்தவன் எல்லாவற்றையும் வீட்டில் கொட்டுகிற மாதிரி, சேர்த்த சக்தியை ஒளியாகக் கொட்டுகிறது.

மூலக்கூறில் இன்னொரு விசேஷம். அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அதற்கேற்ப மடங்குகளின் பலம் மாறும். இதை வைத்தே 2004ல் ஒட்டாவாவில் நைட்ரஜன் மூலக்கூறின் எலக்ட்ரான் மேகத்தைப் படமாக்கினார்கள். லூலியே, அகோஸ்தினி, கிரவுஸ் மூவருக்கும் 2023ல் நோபல் பரிசு கிடைத்தது.

மடங்குகளைக் கேட்டுத் தோலின் அமைப்பை அறிந்தார் ராமன். மடங்குகளைப் பார்த்து மூலக்கூறின் அமைப்பை அறிகிறார்கள் இன்றைய விஞ்ஞானிகள். ஆனால் கல்லுப்பொடியும் சோறும் அரைத்து, காதை வைத்தே கரணை பூசக் கற்ற கைவினைஞர்களின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. நம்மிடையே அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்வோம். அச்சில் அழிந்த புள்ளி மாதிரி இதுவும் தூசாகப் போய்விடக் கூடாது.