பேக்கப்பின் கதை - ப்ளாப்பி முதல் இணையம் வரை

1998ம் ஆண்டு. அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டூடியோவில் டாய் ஸ்டோரி 2 படத்தின் வேலை மும்முரமாக நடந்து கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தவறான இடத்தில் கொடுத்த அழிப்புக் கட்டளை ஒன்று, படத்தின் கோப்புகளை வரிசையாக விழுங்கத் தொடங்கியது. வேலை பார்த்துக் கொண்டிருந்தவர்களின் கண் முன்னாலேயே கதாபாத்திரங்கள் திரையிலிருந்து காணாமல் போயின. அவசரமாக இயந்திரத்தை நிறுத்துவதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. சரி, டேப்பில் பேக்கப் இருக்கிறதே என்று தேடிப் போனால், அது சில வாரங்களாக ஒழுங்காகப் பதிவாகவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது!

படத்தைக் காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினி. கைக்குழந்தை இருந்ததால் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தார். அதற்காகப் படத்தின் கோப்புகள் அவ்வப்போது அவருடைய கணினிக்கு நகலெடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து ஸ்டூடியோவுக்குக் கொண்டு போனார்கள்.

பெரிய ஸ்டூடியோ ஒன்றை வீட்டுக் கணினி காப்பாற்றியது. வீட்டுக் கணினியை யார் காப்பாற்றுவது? இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் தேடி வருகிறார்கள். ஒவ்வொரு பதிலும் ஒரு சிக்கலைத் தீர்த்து, புதிதாக ஒன்றைக் கொண்டு வந்தது.

இருபத்தொன்பது ப்ளாப்பிகள்

1981ல் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. எல்லாம் ப்ளாப்பியில்தான். ஆகவே பேக்கப் என்பதும் சுலபம். ஒரு ப்ளாப்பியை இன்னொரு ப்ளாப்பிக்கு நகலெடுத்து, பெயர் எழுதி ஒட்டி, பெட்டியில் போட்டு வைத்தால் முடிந்தது.

1983ல் வந்த பிசி எக்ஸ்டி மாடலில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. இன்று ஒரு கைபேசிப் புகைப்படம் இரண்டு மூன்று எடுத்தால் நிரம்பிவிடும் அளவு. ஆனால் அன்றைய ப்ளாப்பியின் கொள்ளளவு 360 கிலோபைட் மட்டுமே. நிரம்பிய ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் நகலெடுக்க ஏறக்குறைய 29 ப்ளாப்பிகள் வேண்டும். அதே ஆண்டு வந்த டாஸ் 2.0 பதிப்பில் பேக்கப், ரீஸ்டோர் என்ற இரண்டு கட்டளைகள் இதற்காகவே சேர்க்கப்பட்டன. கட்டளையைக் கொடுத்துவிட்டு, அடுத்த தட்டைப் போடு, அடுத்த தட்டைப் போடு என்று கணினி கேட்கக் கேட்க மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு தட்டு கெட்டுப் போனால் அதிலிருந்த கோப்புகள் போனது போனதுதான்.

இந்த வேலையைக் குறைக்க ஒரு யோசனை இருந்தது. மாற்றப்பட்ட கோப்பின் மீது டாஸ் ஓர் அடையாளத்தைப் போட்டு வைக்கும். பேக்கப் கட்டளையுடன் ஓர் எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால், அடையாளம் உள்ள கோப்புகளை மட்டும் நகலெடுக்கும். கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மாதம் ஒருமுறை பேரேடு முழுவதையும் நகலெடுப்பது முழு பேக்கப். அதன் பிறகு அன்றன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துச் சேர்ப்பது இன்க்ரிமென்டல் பேக்கப். கடைசியாக எடுத்த முழு நகலுக்குப் பின் எழுதிய எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொரு முறையும் சேர்த்து எடுப்பது டிஃபரன்ஷியல்.

இன்க்ரிமென்டலில் இடமும் நேரமும் மிச்சம். ஆனால் திரும்பப் பெறும்போது தொடக்க இருப்பும் வேண்டும், எல்லாப் பக்கங்களும் வரிசையாக வேண்டும். ஒன்று தொலைந்தாலும் கணக்கு உதைக்கும். டிஃபரன்ஷியலில் இரண்டே இரண்டு நகல் போதும், ஆனால் நாளாக ஆக இரண்டாவது நகல் பெருத்துக் கொண்டே போகும். இன்றைய பேக்கப் மென்பொருள்களிலும் இந்த மூன்று வகைகளைப் பார்க்கலாம்.

டேப்பும் ஜிப்பும்

ப்ளாப்பி மாற்றிச் சலித்தவர்களுக்கு அடுத்து வந்தது டேப். கால் அங்குல அகல நாடா கொண்ட கேசட்டை 3எம் நிறுவனம் 1972லேயே அறிமுகப்படுத்தியிருந்தது. அதன் சிறிய வடிவம் 1980களின் இறுதியில் வீட்டுக் கணினிகளுக்கும் வந்தது. கொலராடோ மெமரி சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜம்போ டிரைவ்கள் அப்போது பிரபலம். ப்ளாப்பி டிரைவின் கேபிளிலேயே இவற்றைப் பொருத்திவிடலாம் என்பதால் தனிச் செலவு குறைவு. இரவு படுக்கப் போகும் முன் ஓட விட்டால் காலையில் முடிந்திருக்கும். தட்டு மாற்ற ஆள் தேவையில்லை. ஆனால் டேப்பின் நடுவில் இருக்கும் ஒரே ஒரு கோப்பு வேண்டுமென்றால், நாடா அந்த இடத்துக்கு ஓடி வரும் வரை காத்திருக்க வேண்டும்.

1995ல் ஐஒமேகா நிறுவனத்தின் ஜிப் டிரைவ் கடைகளுக்கு வந்தது. பார்ப்பதற்குக் கொஞ்சம் தடித்த ப்ளாப்பி போன்ற ஒரு தட்டில் 100 மெகாபைட்! டிரைவின் விலை 199 டாலர். வாங்கியவர்கள் ஏராளம். பிறகு சில டிரைவ்கள் க்ளிக் க்ளிக் என்று சத்தம் போட்டுவிட்டு, தட்டைப் படிக்க மறுத்தன. இதற்கு 'மரண க்ளிக்' என்றே பெயர் வந்துவிட்டது. 1998ல் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். காப்பாற்ற வாங்கிய பொருளே காலை வாரிய கதை இது. ஒரே ஒரு நகலை ஒரே ஒரு சாதனத்தில் வைத்திருந்தவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது.

எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது

சாதனங்களை விடவும் பலரை ஏமாற்றியது மென்பொருள்தான். 1993ல் வந்த எம்எஸ் டாஸ் 6.0 பதிப்பில் சைமன்டெக் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற புதிய பேக்கப் மென்பொருள் ஒன்றை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. முந்தைய கட்டளையை விட இது எவ்வளவோ மேல். ஆனால் 1995ல் விண்டோஸ் 95 வந்தபோது, அதனுடன் வந்த பேக்கப் மென்பொருளால் டாஸ் 6ல் எடுத்த நகல்களைத் திரும்பப் பெற முடியவில்லை.

2001ல் எக்ஸ்பி வந்தது. அதிலிருந்த என்டிபேக்கப் மென்பொருள் விண்டோஸ் 98ல் எடுத்த நகல்களைப் படிக்காது. எக்ஸ்பியின் ஹோம் பதிப்பில் அது தானாக நிறுவப்படவும் இல்லை. சிடியில் ஒரு மூலையில் இருந்த ஃபோல்டரைத் தேடிப் பிடித்து நாமே நிறுவிக் கொள்ள வேண்டும். வீட்டுக் கணினிக்காக வந்த பதிப்பில் பேக்கப் ஒளிந்திருந்தது வேடிக்கைதான்! 2007ல் விஸ்டா வந்தபோது என்டிபேக்கப்பும் போனது. அதில் எடுத்த பழைய நகல்களைப் படிக்க மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு மென்பொருளைத் தர வேண்டியிருந்தது.

ஒரே நிறுவனம், பதினைந்து ஆண்டுகளுக்குள் நான்கு பேக்கப் மென்பொருள்கள். பத்திரமாக நகலெடுத்து பீரோவில் வைத்தவர், புதிய கணினி வாங்கியதும் அதைத் திறக்க முடியாமல் நின்றார். சாவியைத் தொலைத்த பெட்டகம் போலத்தான்.

இதே காலத்தில் வேறொரு வழியும் வந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த பைனரி ரிசர்ச் நிறுவனம் 1995ல் கோஸ்ட் என்ற மென்பொருளை உருவாக்கியது. இது கோப்புகளைத் தனித்தனியாக எடுக்காமல், ஹார்ட் டிஸ்க்கை அப்படியே படம் பிடித்தது போல இமேஜ் ஆக எடுத்து வைக்கும். கணினி படுத்துவிட்டால் விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திரும்பக் கொண்டு வரலாம். 1998ல் சைமன்டெக் இதை வாங்கியது. நார்ட்டன் கோஸ்ட் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய அது 2013ல் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது.

திறந்த நகல்கள்

1996ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மேக்கரஸ் இருவரும் ஆர்சிங்க் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். ஒரு கோப்பில் மாறிய பகுதி எதுவோ அதை மட்டும் கண்டுபிடித்து இன்னொரு கணினிக்கு அனுப்புவது இதன் சிறப்பு. மெதுவான இணைப்பில்கூட வேலை செய்யும். இலவச மென்பொருள் என்பதோடு முக்கியமான இன்னொரு குணமும் இதற்கு உண்டு. நகல் எந்த ரகசிய வடிவத்திலும் இருக்காது. மூலம் எப்படியோ நகலும் அப்படியே. திறந்து பார்க்க ஆர்சிங்க்கூடத் தேவையில்லை.

2007 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் டைம் மெஷின் வசதியை வெளியிட்டது. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும், இதை பேக்கப்புக்குப் பயன்படுத்தலாமா என்று கணினியே கேட்கும். ஆமாம் என்றால் போதும். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொரு நகல், கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொரு நகல், அதற்கு முன்னால் வாரத்துக்கொரு நகல் என்று தானாகவே வைத்துக் கொள்ளும். 2012ல் விண்டோஸ் 8 பதிப்பில் வந்த ஃபைல் ஹிஸ்டரியும் இதே வழியில் கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளாகவே நகலெடுத்து வைத்தது. மனிதனின் ஞாபகத்தையும் சோம்பலையும் கணக்கில் எடுத்துக் கொண்டு செய்யப்பட்ட வசதிகள் இவை.

எதிரி மாறினான்

தொடக்கத்தில் பயம் எல்லாம் ஹார்ட் டிஸ்க் பழுதைப் பற்றித்தான். 1999 ஏப்ரல் 26ம் தேதி சிஐஎச் வைரஸ் பல நாடுகளில் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. 2000 மே மாதம் பரவிய ஐ லவ் யூ வைரஸ் ஜேபெக் படங்களின் மேல் தன்னையே எழுதிவிட்டுப் போனது. 2013ல் கிரிப்டோலாக்கர் வந்தது. இது கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்டது. கணினியோடு இணைந்திருக்கும் வெளி டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டியதுதான் பெரிய அதிர்ச்சி. எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க் வசதியானது. ஆனால் திருடனுக்கும் அதே வசதி!

தீ, வெள்ளம், திருட்டு என்று வந்தால் கணினியும் பக்கத்திலேயே இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே போகும். இதற்கு விடையாக 2000களின் நடுவில் மோசி, கார்பனைட், பேக்பிளேஸ் போன்ற இணையவழிச் சேவைகள் வந்தன. மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் கோப்புகள் வேறு ஊரில் பத்திரம். ஆனால் வினாடிக்கு 256 கிலோபிட் வேகத்தில் 100 ஜிகாபைட்டை ஏற்றி முடிக்க, இரவு பகலாக ஓடினாலும் சுமார் 36 நாட்கள் ஆகும். வேகம் கூடிய பிறகுதான் இது பலருக்கும் சாத்தியமானது.

இங்கும் கண்ணை மூடிக் கொண்டு நம்ப முடியாது. வீட்டு வாடிக்கையாளர்களுக்கான சேவையை நிறுத்தப் போவதாக 2017 ஆகஸ்டில் கிராஷ்பிளான் அறிவித்தது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து எரிந்தது. வேறு நகல் வைத்திருக்காதவர்கள் தங்கள் தரவுகளை இழந்தார்கள். மேகம் என்று சொன்னாலும் அது எங்கோ ஒரு கட்டிடத்தில் இருக்கும் யாரோ ஒருவரின் கணினிதான்.

2008ல் வந்த டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுச் சேவைகளையும் பேக்கப் என்று பலர் நினைக்கிறார்கள். ஒத்திசைவு கண்ணாடி மாதிரி. இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளைக் குறிப்பிட்ட காலம் வரை வைத்திருப்பதால் ஓரளவு தப்பிக்கலாம், அவ்வளவே.

எதைத் தேர்ந்தெடுப்பது?

2000களில் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய விதி ஒன்று இத்தனை அனுபவங்களையும் சுருக்கிச் சொல்கிறது. அதன் பெயர் 3-2-1. மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 பிரதி வேறு இடத்தில். கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, இணையத்திலோ ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ ஒன்று என்று வைத்தால் விதி நிறைவேறிவிடும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இந்த மென்பொருள் நாளை இல்லாமல் போனாலும் நகலைத் திறக்க முடியுமா என்பது. படங்கள், ஆவணங்கள் போன்றவற்றுக்குத் திறந்த நகலே நல்லது. இமேஜ் எடுப்பது கணினியை விரைவாக எழுப்ப உதவும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. இரண்டாவது, இது தானாக ஓடுமா என்பது. ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டிய வேலை மூன்றாவது வாரமே மறந்துவிடும். மூன்றாவது, நகலெடுத்த பின் டிஸ்க்கைக் கழற்றி வைக்கும் பழக்கம். செலவு என்று பார்த்தால் இது காப்பீட்டு பிரீமியம் போன்றது. ஒன்றும் நடக்காத வரை வீண் செலவாகத் தெரியும்.

கடைசியாக, பிக்ஸாரில் பேக்கப் இல்லாமல் இல்லை. டேப் இருந்தது, டிரைவ் ஓடியது, எல்லாரும் நம்பிக் கொண்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பழைய படத்தை நகலிலிருந்து எடுத்துத் திறந்து பார்ப்பது நல்லது. ஐந்து நிமிட வேலைதான். திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், மூலம் இன்னும் கையில் இருக்கும்போதே அது தெரிந்துவிட்டதே என்று இரட்டிப்பு நிம்மதி!