ஆபரேஷனா? மூக்கையும் கவனிங்க!

ஓசூர் சிப்காட்ல வேலை பார்க்கிறீங்களா? வீட்டுல யாருக்காவது ஆபரேஷன்னா கிருஷ்ணகிரி, பெங்களூருன்னு அலைவீங்க. கிளம்பும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க.

சுமார் 30% பேரின் மூக்கில் 'ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்' பாக்டீரியா சும்மா குடியிருக்கும். ஆபரேஷன் காயத்துக்குள் போனால்தான் வில்லங்கம். சீழ் பிடிக்கும், ரத்தத்திலும் தொற்று பரவலாம். இதில் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத வகைதான் எம்.ஆர்.எஸ்.ஏ.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

* சமீபத்தில் மருத்துவமனையில் தங்கியவர்கள்
* அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள்
* டயாலிசிஸ், சர்க்கரை நோயாளிகள்
* எக்ஸிமா உள்ளவர்கள்

என்ன செய்யலாம்?

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை போன்ல போட்டோ எடுத்து வெச்சு, புது டாக்டர்கிட்ட காட்டுங்க. மூக்கு ஸ்வாப் டெஸ்ட் தேவையான்னு கேளுங்க. கிருமி இருந்தால், தேவைப்பட்டால் முபிரோசின் ஆயின்ட்மென்ட் தருவாங்க. நீங்களா வாங்கித் தடவாதீங்க. கிருமி அந்த மருந்துக்கும் பழகிடும். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவுங்க. மூக்கை நோண்டுற பழக்கத்தையும் விட்டுடுங்க!