துண்டுக்குள்ள விலை பேசுன ஊரு

"பழைய காரை நல்ல விலைக்கு விக்கிறது எப்படி?"ன்னு அடுத்தடுத்து நாலு பேர் எனக்குப் போன் பண்ணிட்டாங்க. நான் ஏதோ கார் புரோக்கர்னு நெனைப்பு போல :-) எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பழங்கதைதான் மக்கா. ஆனா அந்தப் பழங்கதைக்குள்ளயே நீங்க கேட்ட பதில் பாதி இருக்கு. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

தேனியில ஆரம்பிச்சு சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு நீளுற எங்க பள்ளத்தாக்குல, ஒரு பொருளைக் கைமாத்தி விக்கிற வித்தையைச் சொல்லிக் கொடுத்தது கார் இல்லை, மாடு. மாட்டுச் சந்தையில விக்கிறவர் ஒரு பக்கம், வாங்குறவர் ஒரு பக்கம், நடுவுல தரகர். தோள்ல கிடக்குற துண்டை எடுத்துக் கையை மூடிக்குவாங்க. உள்ளே விரலைப் பிடிச்சுத்தான் விலை பேச்சு. சுத்தி நிக்கிற யாருக்கும் ஒண்ணும் புரியாது. தரகர் கை மட்டும் ரெண்டு பக்கமும் போய்ட்டு வரும். விக்கிறவர் எவ்வளவுக்கு இறங்குவார், வாங்குறவர் எவ்வளவுக்கு ஏறுவார்னு ரெண்டும் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். இன்னைக்குத் துண்டு போய் செல்போன் வந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா மாட்டுல ஒரு வசதி உண்டு. வாயைத் திறந்து பார்த்தா வயசு தெரிஞ்சுடும். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடை சேர்ந்ததுன்னு கணக்கு. சுழி பார்ப்பாங்க, நடக்க விட்டுப் பார்ப்பாங்க, வண்டியில பூட்டியும் பார்ப்பாங்க. மாட்டுக்காரர் என்ன கதை சொன்னாலும் பல்லு பொய் சொல்லாது. காருக்கு அந்தப் பல்லு எது? நான் சொல்ல வர்ற விஷயமே இதுதான்.

ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1970-ல பழைய கார் சந்தையை வச்சு ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல அவருக்குக் கிடைச்ச நோபல் பரிசுக்கு அந்தக் கட்டுரை முக்கியமான காரணம். விஷயம் ரொம்ப எளிமை. வண்டியோட லட்சணம் விக்கிறவனுக்குத் தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. நல்ல வண்டி மூணு லட்சம் பெறும், ஓட்டை வண்டி ஒரு லட்சம்தான் பெறும்னு வச்சுக்குங்க. எது எதுன்னு தெரியாதவன் நடுவுல ரெண்டு லட்சம்தான் கேப்பான். நல்ல வண்டிக்காரன் "போங்கய்யா"ன்னு வீட்டுக்குப் போயிடுவான். சந்தையில மிஞ்சுறது ஓட்டை மட்டும். அப்புறம் வாங்க வர்றவன் ரெண்டு லட்சம் கூடக் கேக்க மாட்டான். அகர்லாஃப் கம்பம் சந்தைக்கு வந்திருந்தா, பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற நம்ம பெருசுகளைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்.

சரி, இந்தப் பள்ளத்தாக்குக்கு வண்டி மேல ஏன் இவ்வளவு பிரியம்? 1895-ல முல்லைப் பெரியாறு அணை வந்து தண்ணி வந்தது, கையில காசு வந்தது. ஆனா ரயில் வரலை. மதுரையிலிருந்து 1928-ல போடி வரைக்கும் போட்ட லைனை உலகப்போர் சமயத்துல பெயர்த்தாங்க, 1950-கள்ல திரும்பப் போட்டாங்க. அகலப்பாதை ஆக்குறதுக்காக 2010 கடைசியில நிறுத்துனது, தேனிக்கு 2022-லயும் போடிக்கு 2023-லயும்தான் திரும்ப வந்தது. கம்பம் பக்கம் ரயில் எட்டிக்கூடப் பார்க்கலை. அந்தப் பக்கமோ மலை. போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. மேல கேரளா, ஏலக்காய்த் தோட்டம். விடிகாலையில கூலி வேலைக்குப் போற சனத்தை அள்ளிக்கிட்டு ஏறுறது ஜீப்தான். அதனால எங்க ஊர்ல ஜீப்புக்கு வயசானாலும் கிராக்கி குறையாது. பெயிண்ட் போயிருந்தாலும் ஆள் வருவான். இன்ஜினையும் கியர் பாக்ஸையும்தான் பார்ப்பான்.

இப்ப வேடிக்கையான ஒரு காலத்துக்கு வருவோம். பழைய கார் புதுக் காரை விட அதிக விலைக்குப் போன காலம்! நம்பலைன்னா வீட்டுல தாத்தா இருந்தா கேட்டுப் பாருங்க. அப்ப நாட்டுல மொத்தமே மூணு கார் கம்பெனிதான். அம்பாசடர் செஞ்ச இந்துஸ்தான் மோட்டார்ஸ், பியட் செஞ்ச பம்பாய் பிரீமியர், ஹெரால்டு செஞ்ச நம்ம சென்னை ஸ்டாண்டர்டு. எத்தனை கார் செய்யணும்னு லைசென்ஸ் சொல்லும். 1969-ல விலையையும் அரசாங்கமே நிர்ணயிச்சது. கம்பெனிகள் உச்சநீதிமன்றம் வரைக்கும் போய் வாதாடின. புதுக் காருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா வரிசையில நிக்கணும், அதுலயும் பியட்டுக்கு ரொம்ப நீள வரிசை. பழைய காருக்கோ விலைக் கட்டுப்பாடு கிடையாது, இன்னைக்கே ஓட்டிட்டுப் போகலாம். அப்புறம் என்ன, உபயோகிச்ச பியட்டுக்குப் புது பியட்டை விட அதிக விலை! அந்தக் காலத்துல விக்கிறவனுக்கு எந்த சாமர்த்தியமும் தேவைப்படலை. அவன் வித்தது காரை இல்லை, வரிசையில நிக்காம இருக்கிற சுகத்தை.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது, விலை 47,500 ரூபாய். அதுக்கும் வரிசை, அதுக்கும் மேல்விலைன்னு கொஞ்ச காலம் பழைய கூத்தே ஓடுச்சு. 1993-ல கார் தயாரிக்க லைசென்ஸ் வேணாம்னு ஆனதும், 1998-ல சான்ட்ரோவும் இண்டிகாவும் வந்ததும் கதை தலைகீழாச்சு. வாங்கி வாசல்ல நிறுத்துன அன்னைக்கே விலை இறங்குறதுன்னா என்னன்னு நம்ம ஆளுங்களுக்கு அப்பத்தான் உறைச்சது. 2001-ல மாருதியே பழைய கார் கடை போட்டு, சோதிச்சு, சான்றிதழோட வித்தது. அகர்லாஃப் நோபல் வாங்குன அதே வருஷம் பாருங்க! கடைக்காரன் விக்கிறது காரும் நம்பிக்கையும் சேர்ந்த பொட்டலம். அந்த நம்பிக்கைக்கு உண்டான காசு நமக்கு வராது, கடைக்குப் போகும்.

அப்ப அந்த நம்பிக்கையை நாமளே கொடுத்தா? எங்க தெருவுல ஒரு அக்கா. வீட்டுக்காரர் திடீர்னு தவறிட்டார். அவர் ஓட்டுன ஜீப் வாசல்ல நிக்குது, பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். ஒரு தரகர் வந்து, "ஆர்.சி. செத்தவர் பேர்ல இருக்கு, யாரும் வாங்க மாட்டாங்க, நானா இருக்கப் போய் எடுத்துக்கறேன்"னு அடிமாட்டு விலை கேட்டார். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்னு வேற. நான் வேணாம்னு தடுத்துட்டேன். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31 கொடுத்து, முதல்ல வண்டியை அக்கா பேருக்கு மாத்தினோம். அலைச்சல்தான், மறுக்கலை. அண்ணன் வண்டி பில்லையெல்லாம் சாமி படத்துக்குப் பின்னாடி ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்தார்! கிளட்ச் மாத்தினது, டயர் மாத்தினது, எல்லாமே தேதியோட. மூணு பேரைத் தனித்தனியா வரச்சொல்லி, அந்தக் கட்டை எடுத்து முன்னால வச்சோம். தரகர் கேட்டதை விட 45,000 ரூபாய் கூடக் கொடுத்து ஒரு தோட்டக்காரர் எடுத்துக்கிட்டார். காருக்குப் பல்லு எதுன்னு கேட்டேனே, அந்த ரப்பர் பேண்டு போட்ட கட்டுதான்.

விலை பேசும்போது இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக் குறைஞ்சது. புதுக் கார் விலை இறங்குனா பழசும் கூடவே இறங்கும். "போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் இவ்வளவுக்கு வித்தாரே"ன்னு பிடிவாதம் பிடிச்சா வண்டி வாசல்லயே நிக்கும். அப்புறம் 15 வருஷம் ஆன கார்னா ஆர்.சி. புதுப்பிக்கணும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 600-லிருந்து 5,000 ஆச்சு. புதுப்பிக்காம வித்தா, வாங்குறவர் அந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்து விலையில கழிப்பார், நிச்சயமா கொஞ்சம் தாராளமாவே கழிப்பார். குமுளி, கட்டப்பனை ஆளுக்கு வித்தா படிவம் 28-ல தடையில்லாச் சான்றிதழ் வேணும். கேரளாவுல கட்டப்போற வரியையும் மனசுல வச்சுத்தான் அவங்க விலை கேப்பாங்க.

காசு கைக்கு வந்ததும் மறந்துடக் கூடாதது பேர் மாத்துறது. "மெதுவா மாத்திக்கறேன் சார்"ன்னு வாங்குனவர் சொல்லுவார். 2018 பிப்ரவரியில உச்சநீதிமன்றத்துல தீர்ப்பான வழக்குல, கார் ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர்னு பல கை மாறியிருந்தது. 2009-ல விபத்து. ஆர்.சி.யில முதல் ஆள் பேரே இருந்ததால, எப்பவோ வித்துட்டுப் போன அவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்புன்னு தீர்ப்பாச்சு. நல்ல விலைக்கு வித்த காசெல்லாம் கோர்ட்டுக்குப் போனா எப்படி இருக்கும்?

அதனால படிவம் 29, 30-ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்து நிம்மதியா தூங்கிடாதீங்க. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நீங்களே தகவல் சொல்லுங்க, பேர் மாறிடுச்சான்னு ஆன்லைன்ல பாருங்க. டெலிவரி நோட்டுல தேதியோட மணியையும் எழுதி வாங்குங்க. அக்கா ஜீப்பை ஒப்படைச்சது சாயங்காலம் 5.20-க்கு. அன்னைக்கு ராத்திரியே அது மலை ஏறிடுச்சு.